தியேட்டர் சிஸ்டர் ஏன் வேலையை விட நினைக்கிறாங்க?

(வடசென்னை தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மெஷின்ல விரல் போச்சுன்னா எங்கே ஓடுறோம்? ஸ்டான்லிக்குத்தானே! அங்குள்ள கை அறுவை சிகிச்சைத் துறை நாடு முழுக்கப் பேர் வாங்கினது. துண்டான விரலை ஒட்ட, முடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்கணும். பல மணி நேரம் ஆகும். டாக்டரை எல்லாருக்கும் தெரியும். கடைசி வரைக்கும் பக்கத்துல நிற்கிற தியேட்டர் சிஸ்டரை யாருக்குத் தெரியும்?

ஒரு சிஸ்டர் கத்தி, கிளாம்ப், ஊசி எடுத்துக் கொடுக்கணும். இன்னொருத்தர் வேண்டியதைக் கொண்டுவந்து குறிச்சு வைக்கணும். வயிற்றைத் தைச்சு மூடுறதுக்கு முன்னாடி துணி, ஊசி, கருவி எல்லாத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணணும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இருக்கு. ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலையில கட்டினா யார் எண்ணுறது, யார் சரிபார்க்கிறது? தப்பு நடந்தா மெமோ மட்டும் சிஸ்டருக்கு!

சம்பளத்தைப் பாருங்க. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வெச்சு எடுத்த செவிலியர்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னாங்க. நடக்கலை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தாங்க. அப்புறம்தான் 14,000, பிறகு 18,000. கொரோனா வார்டில் உயிரைப் பணயம் வெச்ச ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓட அனுப்பிட்டாங்க.

தனியாரில்? உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. உங்க தெரு நர்சிங் ஹோம் சிஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, கையில எவ்வளவு வருதுன்னு.

அதனாலதான் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் அப்ளிகேஷன் போடுறாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல முடியுமா? ஹார்பர்ல கைதேர்ந்த கிரேன் ஆபரேட்டர் போயிட்டா, மறுநாளே புது ஆளை ஏத்த முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். தியேட்டரும் அப்படித்தான். பழகினவங்க போனா, இழப்பு டேபிள்ல படுத்திருக்கிற நம்ம ஆளுக்கு!

நாம கேட்கிறது மூணே மூணு:

✅ ஒரு ஆபரேஷன் டேபிளுக்கு ரெண்டு செவிலியர், நைட் டியூட்டியிலும்.
✅ தொகுப்பூதியத்துக்கு முடிவு. நிரந்தரப் பணி, காலமுறை ஊதியம்.
✅ தனியார் மருத்துவமனைகளுக்கு அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்கணும்.

சிஸ்டருங்க போராட்டப் பந்தல்ல உட்காரும்போது, பக்கத்துல போய் நீங்களும் உட்காருங்க. அது நம்ம உயிருக்கான போராட்டமும்தான்.



#செவிலியர்_உரிமை #வடசென்னை