வீடும் மரமும்



சவளக்கடையிலோ கல்முனையிலோ ஒரு வளவு பிரிக்கப்படுகிறதென்றால், அநேகமாக அவ்வீட்டில் ஒரு மகளுக்குக் கலியாணம் நெருங்கிவிட்டது என்பதே பொருள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடித்தல் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். மூத்தவளுக்கு முன்பாதி, இளையவளுக்குப் பின்பாதி என்று தந்தையார் கயிறு பிடிக்கிறார். கயிறு சென்று முட்டுமிடத்தில் அவருடைய தாயார் நட்ட பலாமரம் நிற்கிறது. வீடா, மரமா என்னும் வினா அங்கே எழுகின்றது.

இதற்குச் சட்டம் ஒரு விடை கூறுகிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலேயே ஆயினும் அனுமதியின்றி வெட்டுதல் ஆகாது. அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். சவளக்கடையாருக்கு அது நாவிதன்வெளிச் செயலகம். இம்மூன்றும் பஞ்ச காலத்தில் வயிற்றைக் காப்பவை என்பது நினைக்கத் தக்கது.

ஆயினும், கோடரி படாமலே சாகும் மரங்கள் பல. வயல் சூழ்ந்த தாழ்நிலத்தில் வீடு எழுப்புவோர் முதலில் கிறவல் கொட்டி நிலத்தை உயர்த்துவர். மரத்துக்கு நீரும் உணவும் ஊட்டும் மெல்லிய வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறத்தாழ 2 அடி ஆழத்துக்குள்ளேயே பரவியுள்ளன. அவற்றுக்கும் காற்று வேண்டும். மேலே மண் குவிந்து இறுகினால் வேர் மூச்சடைக்கிறது. அத்திவாரக் கிடங்கு எஞ்சிய வேரை அறுக்கிறது. சீமெந்து கழுவிய நீர் மண்ணைக் கெடுக்கிறது. மரமோ உடனே சாய்வதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்சிக் கிளை உலர்கிறது. அப்பொழுது வீட்டார் பூச்சியின்மேற் பழி போடுகின்றனர்!

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் வெற்று நிலங்களிலும் 1 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட இயலாது. காக்கவேண்டிய மரத்தைச் சுற்றி வேலியிட்ட பின்னரே கட்டட வேலை தொடங்கும். அவ்வேலி காப்பது அடிமரத்தை மட்டுமன்று, வேரையுமாகும்.

இம்முறை நம்மூருக்கும் அரிதன்று. கிளைகள் நிழல் விரிக்கும் எல்லைவரை நான்கு தடிகளை நட்டுக் கயிறு கட்டினாற் போதும். அதனுள் கிறவலும் கல்லும் சீமெந்தும் புகாதிருக்கட்டும். வேர் குறுக்கிடும் பக்கத்தில் தொடர்ச்சியான அத்திவாரத்துக்குப் பதிலாகத் தூண் நிறுத்தி மேலே வளை போடலாம். மலசலகூடக் குழியை மறுபுறம் அமைக்கலாம். இவற்றையெல்லாம் மேசனாரிடம் சொல்லவேண்டிய நாள், கிடங்கு வெட்டுவதற்கு முந்திய நாளேயாகும்.

கலியாண வீட்டுக்கு நாள் குறித்தாயிற்று; செலவோ கையைக் கடிக்கிறது; தந்தையின் கவலை சிறிதன்று. எனினும் கயிற்றை நாலு முழம் தள்ளிப் பிடிக்க இடமிருந்தால், மகளுக்குக் கிடைப்பது வீடு மட்டுமன்று. கச்சான் காற்று வீசும் கோடையில் அவள் பிள்ளைகள் இருந்து விளையாட ஒரு நிழலுமாகும். வீட்டைச் சில மாதங்களிற் கட்டிவிடலாம்; அந்நிழலை உண்டாக்க ஒரு தலைமுறை வேண்டும்.