தோற்ற குதிரைக்கு ஒரு துணை



குதிரைப் பந்தயம் என்றதும், சம்பளப் பணத்தைச் சூதில் தொலைத்தவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். இன்று நாம் பேசப்போவது சூதைப் பற்றியல்ல. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'சீபிஸ்கட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றி. உண்மைக் கதையைத் தழுவிய படம் அது.

சீபிஸ்கட் உருவத்தில் சிறிய குதிரை. முதல் 17 பந்தயங்களிலும் தோற்றது. 1936இல் சார்லஸ் ஹோவர்ட் அதை விலைக்கு வாங்கினார். பயிற்சியாளர் டாம் ஸ்மித் அதை அடித்துப் பழக்கவில்லை. மிரண்டு கிடந்த அதற்கு, 'பம்ப்கின்' என்ற சாதுவான குதிரையைக் கொட்டடியில் துணையாக விட்டார். மெல்ல மெல்ல அதன் பயம் தெளிந்தது. 1938இல் புகழ்பெற்ற 'வார் அட்மிரல்' குதிரையை அது வென்றது. அப்போது கால் முறிந்திருந்த ஜாக்கி ரெட் போலார்ட், ஒரு கண் பார்வையற்றவர். 1940இல் அவரே மீண்டும் அதன்மீது ஏறி, சாந்தா அனிட்டா பந்தயத்தில் வெற்றி கண்டார்.

பெற்றோர்களே, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாம் எத்தனை பிள்ளைகளை ஒதுக்கியிருக்கிறோம்! பிரம்பைக் கையிலெடுத்த ஆசிரியர்களாகிய நாங்களும் அதற்கு விலக்கல்ல. இன்றிரவு பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது, வேலைக் களைப்பிருந்தாலும், சற்று நேரம் பக்கத்தில் துணையாக உட்காருவோம். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பம்ப்கினுக்கும் எழுத்துத் தெரியாது.