முகம் தெரியாதவரோடு பேச்சு: வளர்வது அறிவே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணிக்கு அருமையாக அடித்தளம் போட்டுக் கொடுத்த தம்பி அவர்களே! எதிரணியில் ஆவேசமாகப் பேசிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் அம்மா அவர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! காபியும் கையுமாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

"முகம் தெரியாதவர்களோடு பேசுவதால் பெரிதும் வளர்வது அறிவா? வம்பா?" இதுதான் தலைப்பு. வளர்வது அறிவே என்று பேச வந்திருக்கிறேன்.

அம்மா என்ன சொன்னாங்க? "பேரு தெரியாது, ஊரு தெரியாது, அவங்ககிட்ட நமக்கென்ன பேச்சு? அத்தனையும் வம்பு!" அப்படின்னு பத்து நிமிஷம் பேசினாங்க. அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த அரங்கத்துல இருக்கிறவங்கள்ல எத்தனை பேரோட பேரும் ஊரும் உங்களுக்குத் தெரியும்? தெரியாது இல்ல? அப்ப இவ்வளவு நேரம் நீங்க பேசினதுக்குப் பேரு என்ன, வம்பா? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! மனுஷனுக்குச் சின்னச் சின்ன சந்தேகங்கள் ஆயிரம் உண்டு. தண்ணி கொதிச்சா கொதிக்குது, அவ்வளவுதான். பால் மட்டும் ஏன் பொங்கி வழியுது? புதுசா வந்த மருமகள் இதை மாமியார்கிட்ட கேட்கட்டும் பார்ப்போம்! "இது கூடத் தெரியாமத்தான் உங்க வீட்ல வளர்த்தாங்களா?" முடிஞ்சது கதை. வகுப்புல மாணவன் கேட்டா, "உக்காருடா, இது பரீட்சைக்கு வராது." தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா மானம் போகுது. பஸ்ல பக்கத்து இருக்கைக்காரர்கிட்ட கேளுங்க. தெரிஞ்சாச் சொல்வார். தெரியாட்டி அடுத்த இருக்கைக்காரரைக் கேட்பார்.

விஷயம் இதுதான். பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கு. சூடேறும்போது மேலே ஆடை கட்டுது. அடியிலிருந்து கிளம்புற நீராவி, தண்ணியில குமிழ் குமிழா உடைஞ்சு வெளியே போயிடும். பாலில் அந்தக் குமிழ் சட்டுன்னு உடையாது. புரதம் அதைத் தாங்கிப் பிடிக்குது, ஆடை மேலே மூடியிருக்கு. நுரை ஏறிக்கிட்டே வந்து, நாம அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பார்த்து வழிஞ்சிடுது! கரண்டியால கிளறிக்கிட்டே இருந்தா ஆடை உடையும், ஆவி வெளியேறும், பொங்கல் அடங்கும்.

கேள்வி கேட்கிற கூச்சம் நமக்கு மட்டும் இல்லீங்க. லண்டன்காரனுக்கும் இருந்தது. 1691இல் ஜான் டன்டன் என்பவர் அங்கே ஒரு பத்திரிகை தொடங்கினார். வாசகர்கள் பேர் போடாமல் எந்தச் சந்தேகத்தையும் எழுதிக் கேட்கலாம், பத்திரிகையில் பதில் வரும். கேள்விகள் குவிஞ்சன! கேட்டவனைப் பதில் சொன்னவருக்குத் தெரியாது, சொன்னவரைக் கேட்டவனுக்குத் தெரியாது. இதுல வம்பு எங்கே வந்தது?

இன்னொரு செய்தி. இதுவும் பால் சம்பந்தப்பட்டதுதான். ஆண்டு 1963. இடம் இன்றைய தான்சானியா. எராஸ்டோ எம்பெம்பா என்று ஒரு பள்ளி மாணவன். பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆறவெச்சு, உறையவெச்சு ஐஸ்கிரீம் செய்வது அங்கே பசங்களுக்கு வழக்கம். குளிர்பெட்டியில இடம் போயிடுமேன்னு பயந்து இவன் சூடாவே கொண்டுபோய் வெச்சுட்டான். பக்கத்துப் பையன் பாலைக் காய்ச்சாமலே வெச்சான். பிறகு பார்த்தா, சூடா வெச்சவனுடையது உறைஞ்சிருக்கு, மற்றவனுடையது உறையல!

ஆசிரியரைக் கேட்டான். "நீ குழம்பிப் போயிருக்கே" என்றார். மேல்வகுப்பில் இன்னோர் ஆசிரியரைக் கேட்டான். "இது எம்பெம்பாவுடைய இயற்பியல்" என்று கேலி செய்தார். தெரிஞ்சவங்க தந்த பரிசு அது. பிறகு அந்தப் பள்ளிக்குச் சொற்பொழிவாற்ற வந்தார் டெனிஸ் ஆஸ்போர்ன் என்கிற பேராசிரியர். பையனுக்கு முன்பின் தெரியாதவர். எழுந்து அதே கேள்வியைக் கேட்டான். கூட இருந்த மாணவர்கள் சிரிச்சாங்க. வந்தவர் சிரிக்கல. ஊருக்குப் போய்ச் சோதனை செய்து பார்த்தார். 1969இல் இருவர் பேரிலும் கட்டுரை வெளிவந்தது. அது எப்போதும் நடக்குமா, ஏன் நடக்குது என்று விஞ்ஞானிகள் இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்திக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் நடுவர் கிடைக்கல! (சிரிப்பு) ஆனா அந்த விளைவுக்குப் பேரு கிடைச்சிடுச்சு: எம்பெம்பா விளைவு.

சரி, அம்மா சொன்ன ஒரு செய்தியை நான் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 2018 மே மாதம், நம்ம திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதில் வந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனாங்க. "முகம் தெரியாதவன் பேச்சைக் கேட்டதால் போன உயிர் இது" என்றார் எதிரணி அம்மா.

இல்லை அம்மா. அந்த வதந்தியை நம்ம கைபேசிக்கு அனுப்பினது யாரு? நம்ம எண் தெரிஞ்சவன்தானே அனுப்ப முடியும்? தம்பி அனுப்பினான், மச்சான் அனுப்பினான். தெரிஞ்சவன் சொன்னதால சோதிக்காம நம்பினோம். காரில் வந்தவங்கதான் முகம் தெரியாதவங்க. அவங்க நம்மகிட்ட வழி கேட்டாங்க. நாம அவங்களை ஒரு கேள்வி கேட்டோமா? "எந்த ஊரும்மா? எந்தக் கோயிலுக்குப் போறீங்க?" இந்த ரெண்டு கேள்வியை நின்னு கேட்டு, பதிலைக் காதுல வாங்கியிருந்தா அந்தத் தாய் இன்னைக்கு உயிரோட இருந்திருக்கலாமே! பேசினதால போன உயிர் இல்லை அது. பேசாததால போன உயிர். (நீண்ட கைதட்டல்)

அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கைக்குக் கட்டுப்பாடு போட்டாச்சு. புத்திக்கு? அதுக்கு ஒரே கட்டுப்பாடுதான்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" அபிப்பிராயம் ஆளுக்கு ஒண்ணு இருக்கும், இருக்கட்டும். விளக்கம் சொல்ல வந்தவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்க. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். எழுதினவங்க தமிழ்நாட்டில் இருக்காங்க, இலங்கையில் இருக்காங்க, கடல் கடந்தும் இருக்காங்க. சம்பளம் கிடையாது. பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனா ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் "ஆதாரம் எங்கே?"ன்னு கேக்குறார், திருத்துறார். உறவுக்காரன் எழுதியிருந்தா கேட்பாரா? "நம்ம மாமா மனசு புண்படுமே"ன்னு விட்டிருப்பார்!

நிறைவாக ஒன்று. குறளில் அறிவுடைமை அதிகாரம், மூன்றாவது குறள். நான் சொல்லப் போவதில்லை. நீங்களே மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. சொன்னவன் உறவா, ஊரானா என்று வள்ளுவர் பார்க்கவில்லை. சொன்னது மெய்யா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். அந்தப் பார்வையோடு எந்த மனிதரிடமும் பேசுங்கள், எதையும் கேளுங்கள். வளர்வது அறிவே, அறிவே என்று நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.