பஸ்ஸில் வந்து போகும் மாணவருக்கு எந்த மன்றம்?

கல்லூரி வாழ்க்கை என்றதும் நம் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் விடுதி மாணவருடையது. சாயங்காலம் மைதானத்தில் கைப்பந்து, இரவில் மன்றக் கூட்டம், ஆண்டு விழா நெருங்கினால் நாடக ஒத்திகை. இந்தப் படத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமாக அமைந்தது. இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்கே தமிழ் படித்தவர்கள். 1940களில் அந்த வளாகத்திலிருந்து தமிழக மேடைகளுக்குப் பெரிய பேச்சாளர்கள் கிளம்பினார்கள். அவர்களிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. அவற்றோடு, சொந்தமாகச் செலவழிக்க மாலைப் பொழுதும் இருந்தது. திறமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த மாலைப் பொழுதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ஆர்.கே.பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

ஆர்.கே.பேட்டை திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கேயும், பக்கத்து அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறிதான் பிழைப்பு. பட்டப்படிப்பு என்றால் திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்கோ, சோளிங்கர், அரக்கோணம் பக்கமோ பஸ் ஏற வேண்டும். வகுப்பு முடிந்ததும் கிடைக்கிற பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்தது எப்போது வரும், அதில் ஏற இடம் இருக்குமா என்பதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம். வீடு வந்து சேர்ந்த பிறகும் பொழுது அந்தப் பிள்ளையுடையது ஆவதில்லை. ஊடை நூலைத் தாரில் சுற்ற வேண்டும். அப்பா சாப்பிட உட்காரும் நேரத்தில் தறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவில் இழை அறுந்தால் பிணைக்க வேண்டும், நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால், தறி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டுக்கு நஷ்டம். இந்த மாணவரிடம் நான்கு மணிக்குத் தமிழ் மன்றக் கூட்டம், சனிக்கிழமை நாடகப் பயிற்சி என்று சொன்னால், அழைப்பு எல்லோருக்கும் பொதுவானதாகத் தெரியலாம். வர முடிகிறவர் சிலர்தான்.

இதில் அப்படியென்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு சிறியதல்ல. தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிக்கு, எழுத்துத் தேர்வு எழுதாமலே ராணுவ அதிகாரித் தேர்வுக்கான நேர்காணலுக்குப் போகும் தனி வழி உண்டு. தமிழ்நாடு காவல்துறை ஆள்சேர்ப்பில் மாணவர் படைக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் விளையாட்டுக்கும் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் ஆசையோடு காத்திருக்கும் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு அப்பாலும் இழப்பு உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984இல் முன்வைத்த கருத்து ஒன்று கல்வியாளர்களிடையே புகழ்பெற்றது. பாடத்திலும் மன்றத்திலும் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு மாணவர் எவ்வளவு ஈடுபடுகிறாரோ, அந்த அளவுக்கு அவர் இடையில் நிற்காமல் படிப்பை முடிக்கிறார் என்பது அதன் சாரம். வளாகத்தில் தங்குவது இதற்குக் கைகொடுக்கிறது என்பதையும் அவர் கண்டார். அப்படியானால் தங்க வழியில்லாதவருக்கு அந்த ஈடுபாட்டை வேறு வகையில் ஏற்படுத்தித் தருவது கல்லூரியின் கடமை ஆகிறது.

இந்த இடத்தில் திருத்தணி மண்ணில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1888இல் அங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், விடுதலைக்குப் பின் 1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாணவர்கள் விருப்பத்தோடு சமூகத் தொண்டில் ஈடுபட வேண்டும், அதனால் கல்லூரிக்கும் ஊருக்கும் உயிருள்ள தொடர்பு ஏற்பட வேண்டும் என்ற யோசனை அவர் காலத்தில் உருவானது. அதன் பலனாக, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 தொண்டர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்றும் அதன் கணக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். இந்த 120 மணி நேரத்தைக் கல்லூரி நடக்கும் வாரங்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்; வாரத்துக்கு நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டாது. இதைக் கல்லூரி நேரத்துக்குள் வைத்தால் பஸ்ஸில் வருகிறவரும் முடிப்பார். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைத்தால் உள்ளூர்ப் பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளும் மட்டுமே முடிப்பார்கள். ஏழு நாள் வெளியே தங்குவது பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. அந்த அனுமதியை வீட்டில் வாங்குவதே பலருக்குத் தேர்வை விடக் கடினம்.

பிள்ளை படிக்கத்தானே போகிறது, மற்றதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவரின் கேள்வி அது. அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. ஆனால் நேர்காணலில் நான்கு பேருக்கு முன் வாய் திறந்து பேசுவதும், ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட்டு நடத்துவதும், சண்டை வராமல் பத்துப் பேரை வேலை வாங்குவதும் பாடப் புத்தகத்தில் இல்லை. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தையும் சமாளிக்க வேண்டிய எல்லைப்புறப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நேர அட்டவணைக்குள் கொண்டுவந்தால் தொண்டும் விளையாட்டும் கட்டாயமாகிவிடும்; விருப்பம் போய்விட்டால் உயிரும் போய்விடும் என்பது. ராதாகிருஷ்ணன் காலத்திலேயே விருப்பம் என்பதை அழுத்திச் சொன்னார்கள் என்பது உண்மைதான். நான் கேட்பது நேரத்தைக் கட்டாயமாக்குவது மட்டும். வாரத்தில் ஒரு பிற்பகலைக் கல்லூரி வகுப்பே இல்லாமல் விடட்டும். அந்த நேரத்தில் கபடியா, கவிதையா, ரத்ததான முகாமா, பறையா என்று மாணவரே தேர்ந்துகொள்ளட்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் பகுதியாக விரிவாக்கப் பணிக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பீட்டுப் புள்ளி இருக்கிறது. புள்ளிக்கு இடம் கொடுத்தவர்கள் அதற்கான மணி நேரத்துக்கும் இடம் கொடுப்பதுதான் முறை.

பணம் தடையாக இருப்பதை அரசு உணர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கிறது. 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் வந்தது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இவ்வளவு பேரைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்த நாம், உள்ளே வந்தவர் மன்றத்துக்குள்ளும் மைதானத்துக்குள்ளும் நுழைய வழி செய்தோமா என்பதுதான் அடுத்த கேள்வி.

அட்டவணையை மாற்றுவது ஒரு வழி. மன்றத்தையே ஊருக்கு அனுப்புவது இன்னொரு வழி. அதற்கு இந்த வட்டாரத்தில் வரலாறு இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்பதும், அதற்காக ம.பொ.சி. போராடினார் என்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் அறநெறித் தமிழ்ச் சங்கத்தின் கிளைகளைக் கிராமங்களில் ஏற்படுத்தி, காசு வாங்காமல் தமிழ் கற்றுக்கொடுத்தார். மாணவர் தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. புத்தகம் தொடாத வீடுகளுக்கும் எழுத்து போய்ச் சேர்ந்தது. அதே முறையில், ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை மாணவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்கள் சொந்த ஊரிலேயே செய்யும் பணியை நாட்டு நலப்பணித் திட்டக் கணக்கில் ஏற்றுக்கொள்ளலாம். ஊர் நூலகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது, விசைத்தறிக் கூடங்களில் காது கேட்கும் திறனையும் மூச்சையும் பரிசோதிக்கும் முகாம் நடத்துவது, ஆடிக் கிருத்திகையில் காவடியோடு திருத்தணி மலைக்குப் போகும் கூட்டத்துக்குக் குடிநீரும் முதலுதவியும் தருவது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. மேற்பார்வைக்கு ஆசிரியர் வேண்டுமே என்றால், அந்த ஊர் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கல்லூரி அங்கீகரித்தால் போதும். ஏழு நாள் முகாமையும் ஊரிலேயே பகலில் நடத்தி, இரவு வீடு திரும்ப விட்டால், மகளை அனுப்பத் தயங்கும் தாயும் சம்மதிப்பார். வரும் கல்வியாண்டுக்கான நேர அட்டவணையைத் தயாரிக்க உட்காரும் கல்லூரி முதல்வர்களும் துறைத் தலைவர்களும், வாரத்தில் அந்த ஒரு பிற்பகலைக் குறித்துவிட்டு, பாட வகுப்புகளை மிச்ச நேரத்தில் நிரப்பிப் பார்க்கட்டும்.