எழுத்துக்கு எட்டாத இசை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், சாத்தான்குளத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக மாதந்தவறாது கூடிக் கவிதை படித்துவரும் இவ்வவையில் உரையாற்றும் வாய்ப்பினைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். மொழியியல் தொடர்பாகப் பேச வேண்டும், அது கவிஞர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். ஆகவே, சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறுவதையும் இறங்குவதையும் பற்றிப் பேச எண்ணுகிறேன். இவ்வேற்ற இறக்கத்தை நம் இலக்கண நூலார் எடுத்தல், படுத்தல், நலிதல் என மூன்றாக வகுத்தனர். உயர்த்திச் சொல்வது எடுத்தல். தாழ்த்திச் சொல்வது படுத்தல். இரண்டிற்கும் இடைப்படச் சொல்வது நலிதல்.

இலக்கணத்திற்குள் புகுமுன், என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். பம்பாயில் கடை வைத்திருந்த என் மாமாவுக்கு அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது, பள்ளிச் சிறுமியாக இருந்த என் வேலை. ஒரு முறை பனைவிளை ஒன்றன் காரணமாகத் தாய்க்கும் மகனுக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. ஓராண்டு பேச்சில்லை. பின்பு மாமா, திருவிழாவுக்கு ஊருக்கு வரலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டார். ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். அவள் சற்று நேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, தாழ்ந்த குரலில், "அவன் வரட்டும்" என்றாள். நானும் அவ்வாறே, "ஆச்சி, அவன் வரட்டும் என்று சொன்னாள்" என எழுதி ஒட்டி அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.

மாமா வரவில்லை. அடுத்த திருவிழாவுக்கு ஆச்சி இல்லை. அவளை எடுத்துச் சென்ற நாளன்று இரவு மாமா என்னிடம் சொன்னார்: "அம்மா கோவத்துல சொல்லுதான்னுல்லா நெனச்சுட்டேன்." அச்சொல்லை அவர் உயர்ந்த குரலில் படித்திருக்கிறார். உயர்த்திச் சொன்னால் 'அவன் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள். தாழ்த்திச் சொன்னால் 'என் பிள்ளை வரட்டும்' என்று பொருள். எழுத்து ஒன்றே, இசை இரண்டு. நான் எழுத்தை மட்டும் அனுப்பினேன்.

பின்னர்த் தமிழ் முதுகலை பயின்றபோது, தொல்காப்பியப் புணரியலின் இறுதியில் இரண்டு நூற்பாக்களைக் கண்டு நான் திகைத்துப்போனதற்கு அந்தக் கடிதமே காரணம். எழுத்து ஒரே தன்மையாய் நின்று பொருள் வேறுபடும் தொடர்கள் இசையால் திரிந்து விளங்கும் என்கிறது முதல் நூற்பா. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, 'செம்பொன்பதின்றொடி'. 'செம்பொன் பதின்தொடி' என்று நிறுத்திச் சொன்னால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' என்று சொன்னால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. பொன்னுக்கும் செம்புக்கும் இடையே உள்ள தொலைவு, குரல் எங்கே நிற்கிறது, எங்கே எடுக்கிறது என்பதில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது நூற்பாவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இத்தகையவை சொல்வோனின் குறிப்பால் பொருள் உணரப்படுபவை. ஆதலின் இன்ன எழுத்தினால் இதனைக் காட்டலாம் என்னும் முறைமை எழுத்துக்கு இல்லை என்கிறார் தொல்காப்பியர். எழுத்ததிகாரம் வகுத்த ஆசிரியரே எழுத்தின் எல்லை இதுவென்று கோடிட்டுக் காட்டுகிறார்.

சொல்லதிகாரத்தில் அவர் மீண்டும் இப்பொருளுக்கு வருகிறார். ஏகார இடைச்சொல் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருளில் வரும் என்று கூறிய பின், தெளிவு குறித்த ஏகாரமும் சிறப்புக் குறித்த ஓகாரமும் அளபு மிகுந்து, எடுத்த இசையுடையனவாய் வரும் என்று தனியே விதிக்கிறார். "அவனே செய்தான்" என்பதை நம் ஊர்ப் பெண்கள் தெளிவாகவும் ஐயமாகவும் ஏளனமாகவும் சொல்லக் கேட்டவர்களுக்கு இவ்விதிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஔகாரத்தைப் பற்றியது என உரையாசிரியர்கள் கொள்ளும் மற்றொரு நூற்பாவில், அளபெடுத்தும் எடாதும் வரும் அவ்வொலியின் பொருள் வேறுபாடு குறிப்பை உணர்த்தும் ஓசையால் தோன்றும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தியாரும், எழுத்துகளின் ஒலி எடுத்தல் முதலிய மூன்றனால் சிறிது திரியும் என்பதனைக் கூறாமல் விடவில்லை. 'உண்டான்' என்னும் ஒரே வடிவம் ஓரோசையால் சொல்ல வினைமுற்றாகவும், மற்றோரோசையால் சொல்ல 'உண்டவன்' என்னும் பெயராகவும் நிற்பதை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுவர்.

இவற்றைக் கொண்டு தமிழைச் சுருதிமொழி என்று யாரும் கருதிவிடலாகாது. சீனம் முதலிய மொழிகளில் சொல்லின் சுருதி மாறினால் அகராதிப் பொருளே மாறும். இந்தியாவிலும் அத்தகைய மொழிகள் உள்ளன. மிசோ, மணிப்புரி, போடோ ஆகியவை அவ்வகையின. பஞ்சாபியில் 'கோடா' என நம் செவிக்குக் கேட்கும் ஒரு சொல், சமமாகச் சொன்னால் சாட்டை. தாழ்த்திச் சொன்னால் குதிரை. உயர்த்திச் சொன்னால் தொழுநோயர். தமிழில் 'மரம்' என்பதை எப்படிச் சொன்னாலும் மரமே. நம் மொழியில் சுருதி தனிச்சொல்லின் பொருளை மாற்றுவதில்லை; சொல்லுகின்றவரின் உள்ளத்தையும் தொடரின் பிளவையும் காட்டுகிறது. தமிழின் குரலோட்டத்தைக் கருவிகளின் துணையால் ஆராய்ந்த எலினார் கீன் என்னும் ஒலியியல் அறிஞர், பேச்சுத் தொடரின் சிறு சிறு கூறுகள் ஒவ்வொன்றும் தாழத் தொடங்கி உயர்ந்து செல்வதைப் படம் பிடித்துக் காட்டியுள்ளார். அலை எழுவது போன்ற இவ்வோட்டத்தின் மேல்தான் அன்பும் சினமும் ஏறி வருகின்றன.

இனி, கடல் கடந்து ஒரு தீவுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இடைச்சொல்லில்தான் இசை வெளிப்படும் என்று தொல்காப்பியர் கண்டதற்கு ஒத்த ஒரு செய்தி அங்கே அண்மையில் கண்டறியப்பட்டது.

சப்பானின் தென்கோடியில் ரியூக்யூ தீவுக் கூட்டம் உள்ளது. அங்கு வழங்கும் மொழிகள் சப்பானிய மொழிக்கு உறவுடையன. எனினும் ஒன்று பேசினால் மற்றவர்க்கு விளங்காத அளவு வேறுபட்டவை. அவற்றுள் மியாகோ மொழியின் கிளைகளில் ஒன்று, இகெமா என்னும் சிறு தீவின் பேச்சு. சொற்களைச் சுருதி வகையால் பிரிப்பது அப்பேச்சின் இயல்பு. இவ்வகைகள் இரண்டே என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2012ஆம் ஆண்டில் இகராசி யோசுக்கே முதலிய ஆய்வாளர்கள் வகைகள் மூன்று என்று நிறுவினர். முன்னையோர் ஏன் தவறினர் என்பதே சுவையான செய்தி. பெயர்ச்சொல்லைத் தனியே சொல்லச் சொல்லிக் கேட்டால் மூன்று வகையும் பிரிந்து தெரிவதில்லை. அதன் பின்னே இடைச்சொற்கள் தொடர்ந்து வரும் நீண்ட தொடரில்தான் மூன்றாம் வகை தன் முகத்தைக் காட்டுகிறது. சொல் தன்னுள் வைத்திருந்த இசையை, அடுத்து வரும் சிறுசொற்களின் மேல் ஏற்றி ஒலிக்கிறது.

இதனை எந்தப் பழஞ்சுவடியிலிருந்தும் அவர்கள் கண்டறிந்திருக்க இயலாது. பேசுவோர் உயிரோடிருந்து தொடரைச் சொல்லிக் காட்டியதனால் அறிந்தனர். ஆனால் அவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் முதியோர். 2009ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் வெளியிட்ட அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் வரைபடத்தில் ரியூக்யூ மொழிகள் ஆறு இடம்பெற்றன; மியாகோவும் அவற்றுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் அத்தீவுகளின் பள்ளிகளில், வீட்டு மொழியில் பேசிய மாணவனின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்தவன் அதே குற்றத்தைச் செய்யும் வரை அவன் அதனைச் சுமக்க வேண்டும்.

நம் கழுத்தில் எவரும் பலகை தொங்கவிடவில்லை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்படிப்பிற்காக நான் வெளியூர் சென்றபோது, "இழுத்து இழுத்துப் பேசுகிறாளே" என்று சிரித்தவர்கள் உண்டு. ஓராண்டிற்குள் என் இழுவையை நானே அறுத்துக்கொண்டேன். சொற்கள் எவையும் குறையவில்லை. ஆச்சியின் இசை மட்டும் என் நாவிலிருந்து போய்விட்டது. இன்று அவள் "வரட்டும்" என்றதை உங்களுக்குச் சொல்லிக் காட்ட முயன்றால், என் வகுப்பறைக் குரலே வருகிறது.

ஒரு மொழியில் முதலில் மறைவது இசையே. சொல் அகராதியில் தங்கும். இலக்கணம் நூலில் தங்கும். 1961ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நிகழவில்லை. அதற்கு முன் நிகழ்ந்தவற்றின் கணக்குகள் ஆவணங்களில் உள்ளன. கரையில் சிப்பிக் குவியல்களை ஏலங்கூறிய குரல் எப்படி ஏறி எப்படி இறங்கிற்று என்பதை அக்கணக்குகள் ஒருநாளும் சொல்லமாட்டா.

அப்படியாயின், எழுத்தையே கருவியாகக் கொண்ட கவிஞர் என்ன செய்வது? ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் வடிவில் தெரியாது. 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் கண்ணுக்கு ஒன்றே. நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தத்தால் அக்குறை நீங்கிற்று. நெடிலுக்கு வடிவம் கிடைத்தது. எடுத்தலுக்கும் படுத்தலுக்கும் இன்றுவரை வடிவம் கிடைக்கவில்லை.

ஆனால் நம் முன்னோர் வேறொரு வழி கண்டனர். அதுவே யாப்பு. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று படித்திருக்கிறோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்தும் இருக்கிறோம். இப்பெயர்களைச் சற்றே நின்று கேளுங்கள். செப்புதல் என்பது விடை கூறும் குரல்; அகவல் என்பது அழைக்கும் குரல்; துள்ளல், தூங்கல் என்பன உடம்பின் அசைவுகள். சீரும் தளையும் இன்னவாறு அமைந்தால், ஆயிரம் ஆண்டு கழித்துப் படிப்பவனின் குரலும் இன்னவாறு செல்லும் என்று கணக்கிட்டு அமைத்தனர். எழுத்துக்கு எட்டாத இசையைச் சொற்களின் அடுக்கிலே மறைத்து வைத்து அனுப்பினர்.

புதுக்கவிதை அக்கட்டினை அவிழ்த்தது. அதனை நான் குறை கூற வரவில்லை. நம் வட்டத்தில் பலர் அவ்வடிவில் நல்ல கவிதைகள் எழுதுகின்றனர். தளை போனபின் அதன் வேலையை எது செய்கிறது என்ற கேள்வியை மட்டும் முன்வைக்கிறேன். அடியை முறிக்கும் இடம் செய்யலாம். சொற்களின் வரிசை செய்யலாம். ஓர் ஏகாரமோ உம்மையோ செய்யலாம். இவற்றுள் எதுவும் செய்யாவிடின், படிப்பவர் தம் மனநிலைக்கேற்ற சுருதியில் படித்துவிடுவார், என் மாமா படித்தது போல.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கிறேன். முதலாவது, நம் மாதக் கூட்டங்களில் ஒவ்வொரு கவிதையும் இருமுறை படிக்கப்படட்டும். முதலில், அதனை முன்பு கண்டிராத உறுப்பினர் ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்கட்டும். பின்பு எழுதியவர் படிக்கட்டும். இரு குரலும் எங்கே பிரிகின்றனவோ, அங்கே எழுத்து தன் கடமையைச் செய்யவில்லை என்று கவிஞர் அறிந்துகொள்வார். இரண்டாவது, இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி உள்ளது. உங்கள் வீட்டில் எண்பது வயது கடந்த ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், கதையும் பாட்டும் கேட்பதோடு நில்லாமல், அவர்கள் பேரப்பிள்ளையை அழைப்பதையும், கடைக்காரரோடு விலை பேசுவதையும், எவரையேனும் கடிந்துகொள்வதையும் அவர்தம் இசைவோடு பதிவு செய்யுங்கள். தனிச்சொற்களைக் கேட்டு வாங்காதீர்கள். தொடர்ந்து பேச விடுங்கள். இகெமாத் தீவு கற்பிக்கும் பாடம் அது. பதினோராம் ஆண்டில் நம் வட்டம் தொடங்கத்தக்க பணி இதுவென்று கருதுகிறேன்.

அன்று "அவன் வரட்டும்" என்று எழுதிய சிறுமி எழுத்துப்பிழை ஒன்றும் செய்யவில்லை. "ஆச்சி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், மாமா வண்டியேறியிருப்பார். அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவரையே நாம் கவிஞர் என்கிறோம்.