மனக் கவலையும் மனித அறிவும்

(நரிக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனிதனுடைய மனநிலைக்கும் அவனுடைய அறிவுக்கும் என்ன சம்பந்தம் என்பதாகும். இது பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, கண்மாயை நம்பிப் பிழைக்கிற நமக்கு இதனால் என்ன லாபம் என்று சிலர் நினைக்கக்கூடும். மழை பெய்தால் சந்தோஷமும், மழை பொய்த்தால் கவலையுமாக வருஷத்தைத் தள்ளுகிற இந்த வானம் பார்த்த சீமைக்காரர்களுக்குத்தான் மற்றெவரையும்விட இது அவசியமாய்த் தெரியவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் ஊர்களில் ஒரு பேச்சு வெகுநாளாக இருந்து வருகிறது. ஏழை ஒருவன் பத்து வட்டிக்குக் கடன் வாங்கினாலும், அறுக்குமுன்பே விளைச்சலை அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தினாலும், "அவன் புத்தி அவ்வளவுதான், அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறார்கள். பணக்காரன் அப்படிச் சொல்லுவதில் ஆச்சரியமில்லை. அதில் அவனுக்கு லாபமிருக்கிறது. ஆனால் அந்த ஏழையும் தன்னைப்பற்றி அப்படியே சொல்லிக்கொள்ளுகிறானே, அதுதான் நாம் வெட்கப்பட வேண்டிய காரியம். அதாவது, புத்தி என்பது பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் படியால் அளந்து ஊற்றப்பட்டது, ஏழைக்கு ஊற்றியது குறைவு, ஆகையால்தான் அவன் ஏழை என்பது இவர்கள் சித்தாந்தம்.

இது மெய்யா பொய்யா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாபிர், ஜியாயிங் ஜாவோ என்கிற நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் 54 கிராமங்களிலுள்ள 464 கரும்பு விவசாயிகளைக் கொண்டு நடத்திய சோதனை, 2013-ல் அமெரிக்காவின் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. கரும்புக்காரனுக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. ஆகவே ஒரே மனிதன் வெட்டுக்கு முன் ஏழையாகவும், வெட்டுக்குப் பின் சற்று வசதிக்காரனாகவும் இருக்கிறான். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் சாமான்களை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அப்படிச் செய்தவர்கள் 4 பேர்தான். இந்த இரண்டு காலங்களிலும் அதே ஆட்களிடம், எழுத்தறிவே தேவையில்லாமல் படங்களின் ஒழுங்கைப் பார்த்து விட்டுப்போன படத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகளும், பின்னால் 5.45 விடைகளும் சரியாக வந்தன. எண்களைப் பார்த்துச் சொல்லும் மற்றொரு சோதனையிலும் பின்னால் வேகம் கூடிற்று, பிழை குறைந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆள் அவனே, ஜாதி அதுவே, படித்த படிப்பும் அதுவே, மண்டையோட்டில் எழுதியிருப்பதாகச் சொல்லுகிற எழுத்தும் அதுவே. மாறியது என்ன? கையில் பணம் வந்தது, கவலை குறைந்தது. அவ்வளவே!

ஒருவன் இரண்டாந் தடவை செய்யும்போது பழக்கத்தால் நன்றாகச் செய்யமாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே 100 பேரை முன்னால் சோதிக்காமல் நிறுத்திவைத்து, வெட்டுக்குப் பின்னரே முதன்முதலாகச் சோதித்தார்கள். அவர்களும் அப்படியே நன்றாகச் செய்தார்கள். பருவகாலத்தின் வேலையாயிருக்குமோ என்றால், ஆலையின் வெட்டு உத்தரவு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஒருவன் வெட்டி முடித்த மாதத்தில் மற்றொருவன் காத்துக்கொண்டிருப்பான். இதன் பிறகும் வேறு அறிஞர்கள் அந்தக் கணக்கின்மேல் ஆட்சேபணை எழுப்பினார்கள். இவர்களும் பதில் எழுதினார்கள். கேள்வி கேட்டால் பாவம் என்று சொல்லாமல், கேள்விக்குப் பதில் சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

இதற்குக் காரணம் என்ன? மூளை ஒரே சமயத்தில் கவனிக்கக்கூடிய காரியங்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. வட்டிக்காரன் நாளைக்கு வருவானே, கண்மாய் வற்றிவிட்டதே, பிள்ளைக்கு மருந்து வாங்கவேண்டுமே என்கிற கவலைகள் அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டால், மிச்சமுள்ள கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் அவன் மற்றதை யோசிக்க வேண்டும். முதுகில் இரண்டு மூட்டை சுமக்கிறவனை ஓடச்சொல்லி, வெறுங்கையோடு ஓடுகிறவனுக்குப் பரிசு கொடுத்து, "பார், இவன் பிறவியிலேயே ஓட்டக்காரன்" என்று சொல்லுவது நியாயமாகுமா?

கவலைக்காரனைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் வட்டிக்காரன், மற்றவன் கோடாங்கி. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. ஆனாலும் கவலையில் இருக்கிறவன் பத்திரத்தைப் படித்துப் பாராமலே கைநாட்டு வைத்துவிடுகிறான். கோடாங்கி சங்கதியும் இதுதான். முதல் உலக யுத்த காலத்தில் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள டிராப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்கிற அறிஞர் ஒரு காரியத்தைக் கண்டார். அந்தத் தீவு மீனவர்கள் கரையோரத்து அமைதியான கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் ஏராளமான மந்திரச் சடங்குகள் செய்தார்கள். மந்திரத்தைக் கேட்டது கடலல்ல, பயந்தான் கேட்டது. நம் ஊரில் மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷத்தில் கோடாங்கி வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர், மழை பொய்த்த வருஷத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் சந்தோஷமாயிருப்பவன் புத்திசாலியா என்றால் அதுவும் முழு உண்மையல்ல. மனம் குதூகலமாயிருக்கும்போது மனிதன் ஒரு வாதத்தின் பலத்தைச் சீர்தூக்காமல் சுலபமாய் ஒப்புக்கொள்ளுகிறான் என்று மனோதத்துவ அறிஞர்கள் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் மேளமும் பாட்டும் முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவது எதற்காக? வெள்ளாமைப் பணம் வந்தவுடன் காதுகுத்துக்கும் பந்தலுக்கும் கொட்டிவிட்டு, ஆடி மாதத்தில் மறுபடியும் அதே வட்டிக்காரன் வாசலில் நிற்பது எதனால்? கவலை கண்ணை மறைப்பதுபோலவே களிப்பும் மறைக்கும்.

ஆகவே தோழர்களே! நாம் செய்யவேண்டியது என்ன? முதலாவது, மனம் கலங்கியிருக்கும்போதும் துள்ளியிருக்கும்போதும் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். ஒரு ராத்திரி பொறுத்து, கவலையில்லாத மற்றொருவரிடம் காட்டி வாசித்துக் கேளுங்கள். இரண்டாவது, வெள்ளாமைப் பணம் கையில் வந்த அன்றே விதைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது, கவலையை அதிருஷ்டத்தின் தலையில் போடாமல், அதன் காரணத்தை நீக்கும்படி சர்க்காரைக் கேளுங்கள். பக்கத்து விருதுநகர்க்காரரான காமராஜர் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஏற்பாடு செய்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. இவை தர்மமல்ல. பிள்ளையின் தலையிலிருந்து வயிற்றுக் கவலையை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பாடம் ஏறும்படி செய்கிற ஏற்பாடுகளாகும். பெரியவர்களுக்கும் குறைந்த வட்டிக் கடனும், தவணை தவணையாய்ப் பணம் வரும் வழியும், கண்மாய்க்குத் தண்ணீரும் வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல.

இவ்வளவுதான் நாம் சொல்லுவது. நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு, அதுவும் மனம் அமைதியாயிருக்கும் வேளையில், யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். ஆனால் இனிமேல் கஷ்டப்படுகிற ஒருவனைப் பார்த்து "அவன் புத்தி அவ்வளவுதான்" என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.