இலக்கமும் இரகசியமும்

2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவையொட்டி, இலண்டன் மாநகரின் வணிகப் பகுதியிலே புதுவகையான குப்பைத்தொட்டிகள் நிறுத்தப்பட்டன. விளம்பரத் திரைகளைத் தாங்கிய அத்தொட்டிகளுள் 12இல், அடுத்த ஆண்டு ஒரு சிறு கருவியும் பொருத்தப்பட்டது. அவ்வழியே செல்வோரின் கையடக்கத் தொலைபேசிகளை இனங்கண்டு குறித்துக்கொள்வதே அக்கருவியின் தொழில். நடந்து சென்றோரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஓகஸ்ட் மாதத்தில் அந்நகர நிருவாகம் அதனை நிறுத்துமாறு பணித்தது.

தொட்டி தொலைபேசியை எவ்வாறு அறிந்தது? வைஃபை வசதி திறந்திருக்குமாயின், தான் முன்னர் இணைந்த நிலையம் ஏதேனும் அருகில் உண்டோ எனத் தொலைபேசி அடிக்கடி வினவும். அவ்வாறு வினவும்போது 'மேக் முகவரி' எனப்படும் தன் அடையாளத்தையும் சேர்த்தே உரைக்கும். பன்னிரண்டு குறிகளாலான அம்முகவரி அந்நாளில் பொதுவாக மாறாதிருந்தது. தெருவிலே தன் பெயரைக் கூவிக்கொண்டு செல்பவனை இனங்காண ஒற்றன் வேண்டியதில்லை; காதுள்ள எவனும் போதும்.

தாம் எவருடைய பெயரையும் திரட்டவில்லை என்பது கருவியைப் பொருத்தியோரின் வாதம். மேலெழுந்தவாரியாக அது நியாயம் போலவே தோன்றும். ஆயினும், காலையில் ஓர் அலுவலக வாயிலிலும், நண்பகலில் ஒரு மருத்துவமனை அருகிலும், மாலையில் ஒரு வழக்கறிஞர் வீட்டுத் தெருவிலும் ஒரே இலக்கம் பதிவாகுமாயின், அங்கே ஒருவரின் அந்தரங்க வாழ்வு எழுதப்பட்டுவிடுகிறது. என்றேனும் ஓரிடத்தில் அவ்விலக்கம் அவர் பெயரோடு பொருந்தினால், பழைய பதிவுகள் யாவும் அவருடையனவாகிவிடும்.

மாறாத இலக்கம் யாவும் தீயன என்பதன்று. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எனும் 15 இலக்க எண் உண்டு. முதல் எட்டும் அதன் வகையையும், அடுத்த ஆறும் அதன் தொடரெண்ணையும் குறிக்கும். இறுதி இலக்கம் பிழை காண்பதற்கானது. களவுபோன தொலைபேசியைச் சேவை நிறுவனங்கள் முடக்குவது இவ்வெண்ணைக் கொண்டே. இதனை மாற்றுவதைப் பிரித்தானியா 2002ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கியது. அதே காரணத்தால், சிம் அட்டையை மாற்றியவர் சேவை நிறுவனத்தின் கண்ணுக்குப் புதியவராகிவிடுவதில்லை. அட்டை புதிதாயினும் கருவியின் எண் பழையதே.

தெருவில் எவரும் கேட்கக்கூடிய இலக்கத்திற்கு இப்போது பரிகாரம் உண்டு. 2014இல் அப்பிள் நிறுவனமும், 2019இல் பத்தாம் பதிப்பு அண்ட்ரொயிட்டும் பொய்யான, மாறும் மேக் முகவரிகளைப் பயன்படுத்தும் முறையை அமைத்தன. அப்பதிப்பு, சாதாரண செயலிகள் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் படிப்பதையும் தடுத்தது. சேவை நிறுவனம் காணும் எண்ணுக்கோ இத்தகைய திரை இல்லை. அதனை எவர், எதற்காகப் பார்க்கலாம் என வரையறுக்கவேண்டியது சட்டமே.

தொலைபேசி உடையோர் செய்யத்தக்கன சில உள. வெளியே செல்லும்போது வைஃபை வசதியை மூடிவைத்தல் நன்று. மாறும் முகவரி அமைப்பு இயங்குகின்றதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். *#06# என அழுத்தினால் தோன்றும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை வீட்டிலே எழுதி வைப்பது, களவு நேர்ந்தால் உதவும். அவ்வெண்ணைக் காரணமின்றிக் கேட்பவரிடம் கொடாதிருப்பதும் அத்துணை அவசியமாகும்.